வெறும் மரத்தில் வெட்டிய தடி

எங்கள் வளவில் அணிலையும் கிளியையும் கலைப்பதற்கென்றே ஒரு கயிறு இருந்தது. ஒரு முனை திண்ணைத் தூணில், மறு முனை கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் உச்சிக் கொப்பில். அந்த முனையில் இரண்டு பால்மாப் பேணிகளைக் கட்டி உள்ளே கல் போட்டு வைத்திருந்தார் அப்பு. மாம்பழக் காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் வேலை அந்தக் கயிற்றை இழுப்பது. பேணி கடகடவென்று ஆடும். கிளிகள் எழும்பி அடுத்த வளவு மரத்துக்குப் போகும். அங்கேயும் ஒரு பொடியன் கயிற்றோடு இருப்பான்.

கயிறு இழுத்த அதே கைதான் பிறகு 25 வருடம், மனிதர் வாயில் வைக்கமுடியாத பழங்களைக் காய்க்கும் மரங்களை ஒட்டி வளர்த்தது. பறவையும் மானும் வான்கோழியும் வந்து தின்னட்டும் என்று காசு கொடுத்து அவற்றை வாங்கிப் போக ஆட்கள் இருந்தார்கள். இடம் கனடா, ஒன்ராறியோவின் தெற்கில் ஈரி ஏரிக்கரை. மரத்தின் பெயர் கிறாப் அப்பிள்.

ஊரில் யாரும் கேட்டால் இலந்தைப்பழமளவு அப்பிள் என்று சொல்லிவைப்பேன். தொழிலில் உள்ள கணக்கு அதைவிடச் சுலபம்: பழத்தின் குறுக்களவு 5 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் அப்பிள், அதற்குள் நின்றால் கிறாப் அப்பிள். சிலது பட்டாணிக் கடலையளவுதான் இருக்கும். நான் முதன்முதல் கடித்த பழம் பச்சை நெல்லிக்காயின் புளிப்போடும் வாழைக்கச்சலின் கயரோடும் நாக்கைப் பிடித்து இழுத்தது. துப்பிவிட்டுப் பார்த்தால் மரத்துக்கு மேலே ஒரு கூட்டம் குருவி அதையே அடித்துப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது.

வட அமெரிக்காவுக்கே உரிய கிறாப் அப்பிள் இனங்கள் நான்கு. அவற்றில் ஒன்று மாலஸ் கொரொனாரியா. தெற்கு ஒன்ராறியோவின் காட்டு விளிம்புகளில் தானாக முளைப்பது. முள்ளு முள்ளாகக் கிளை, மே மாதத்தில் இளஞ்சிவப்புப் பூ, மெழுகு பூசினதுபோல் மஞ்சட்பச்சைப் பழம். தெருவோரங்களிலும் வீட்டு முற்றங்களிலும் நாம் காணும் சிவப்புப் பழ மரங்களில் பெரும்பாலானவை ஆசியாவிலிருந்து வந்த இனங்களின் வாரிசுகள். சார்ஜென்ற் கிறாப் என்ற குட்டை இனத்தை 1892இல் ஜப்பானில் சேகரித்தவர் பொஸ்ரன் ஆர்னல்ட் மரப்பூங்காவின் சார்ல்ஸ் சார்ஜென்ற். டொல்கோ என்ற வகையை ரஷ்ய விதையிலிருந்து தெரிந்தெடுத்து 1917இல் வெளியிட்டவர் தெற்கு டக்கோட்டாவின் ஹான்சன். தாங்காத குளிரிலும் தாங்கும் மரம் அது.

இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. நாற்றுப்பண்ணையில் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்தது மண் அள்ளுவதும் சட்டி சுமப்பதும்தான். ஒரு மார்ச் மாதம், வெளியில் பனி கொட்டிக்கொண்டிருக்கையில், கொட்டிலுக்குள் கிழவர் ஒருவர் மேசையில் இருந்து கன்று ஒட்டிக்கொண்டிருந்தார். பண்ணையில் எல்லோருக்கும் அவர் கிழவர்தான். அவருடைய கத்தியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் தீட்டிய கத்தி. அப்புவின் கத்தியும் அப்படித்தான் இருந்தது.

அப்பு மாங்கன்று ஒட்டுபவர். சட்டியில் முளைத்த கன்றைப் பரணில் ஏற்றி, தாய்மரத்தின் கொப்பருகே வைத்து, இரண்டிலும் ஒரு விரல் நீளத்துக்குத் தோலைச் சீவி, காயத்தோடு காயம் பொருத்தி வாழைநாரால் கட்டுவார். மேலே சாணமும் களிமண்ணும். இரண்டு, மூன்று மாதத்தில் ஒட்டிப் பிடித்த பிறகுதான் தாயிலிருந்து அறுப்பார். நான் அவருக்கு நார் கிழித்துக் கொடுப்பேன். ஒருநாள் என்னிடம் கத்தியைத் தந்தபோது நான் தச்சன்போல இரண்டு மூன்று முறை செதுக்கினேன். கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். “டேய் தம்பி, கத்தி ஒருக்காத்தான் போகோணும். ரெண்டாந்தரம் போனா அது வெட்டில்லை, காயம்.”

அந்தக் கொட்டிலில் ஒரு குச்சியை எடுத்து ஒரே இழுப்பில் சரிவாகச் சீவினேன். கிழவர் அதை வாங்கித் தன் கத்தியின் தட்டைப் பக்கத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். இடைவெளி தெரியவில்லை. மறுநாளிலிருந்து எனக்கு மண் அள்ளும் வேலை இல்லை.

அப்பிளை ஏன் ஒட்டவேண்டும், விதையைப் போட்டால் வராதா என்று பலர் கேட்பார்கள். வரும். ஆனால் தாயைப்போல வராது. அப்பிள் மரம் தன் மகரந்தத்தைத் தானே பெரும்பாலும் ஏற்காது. வேறு மரத்தின் மகரந்தம் வேண்டும். ஆகவே ஒரு பழத்தில் ஐந்து விதை இருந்தால் ஐந்தும் ஐந்து குணம். இந்த மாகாணத்தின் பேர்பெற்ற மக்கின்ரொஷ் அப்பிளின் கதையே அதற்குச் சாட்சி. ஜோன் மக்கின்ரொஷ் என்பவர் 1811இல் தன் காணியைத் துப்புரவாக்கும்போது காட்டுக் கன்றுகள் சிலதைக் கண்டு பெயர்த்து நட்டார். அதில் ஒரு மரம் அருமையாகக் காய்த்தது. விதை போட்டால் அந்தப் பழம் கிடைக்கவில்லை. 1835 அளவில் ஊர் ஊராகப் போகும் ஒருவரிடம் அவருடைய மகன் ஒட்டுக்கட்டப் பழகிய பிறகுதான் அந்த மரம் பெருகியது. இன்றைக்கு உலகத்தில் நிற்கும் மக்கின்ரொஷ் அத்தனையும் அந்த ஒற்றை மரத்தின் கொப்புகள்தாம். இதற்கு நேரெதிராக, அமெரிக்காவில் ஜொனி அப்பிள்சீட் என்று பேரெடுத்த ஜோன் சாப்மன் (1774–1845) மரத்தை வெட்டி ஒட்டுவது பாவம் என்று நம்பி, கடைசிவரை விதையே போட்டார். அவர் வளர்த்த மரங்களின் பழம் பெரும்பாலும் புளித்த மதுவுக்குத்தான் போனது.

காட்டு உயிர்களுக்கு வளர்ப்பதென்றால் சாப்மனின் வழியே போதும் என்று கிழவர்கூட ஒருகாலம் சொன்னார். விதையை ஈர மணலில் கலந்து 90 நாள் குளிரில் வைத்தால் முளைத்துவிடும். தொல்லை என்னவென்றால் அது காய்க்க 6 முதல் 10 வருடம் போகும். அதற்குப் பிறகுதான் அது என்ன பழம், எந்த மாதம் விழுகிறது என்பதே தெரியும். ஒட்டுமரம் 3, 4 வருடத்தில் காய்க்கும். எதைக் காய்க்கும் என்பதும் முதலே தெரியும். அறுபது வயதில் காணி வாங்கி மரம் வைக்க வருபவருக்கு இந்த வருட வித்தியாசம் சின்ன விஷயமல்ல.

ஒட்டும் முறையை ஒரு தடவையாவது கிட்ட இருந்து பார்க்கவேண்டும். ஒட்டுத்தடி என்பது போன வருடம் வளர்ந்த கொப்பின் துண்டு, பென்சில் தடிப்பு. இலை விழுந்து மரம் உறங்கும் காலத்தில், பெப்ரவரி முடியும் நேரம் வெட்டுவோம். ஈரக் கடதாசியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு, உறைநிலைக்குச் சற்று மேலே குளிரில் வைப்போம். அடிக்கன்று வேரோடு வரும். என் தெரிவு அன்ரொனோவ்கா. ரஷ்யாவின் பழைய அப்பிள், ஆழ வேர் விடும், மரம் முழு உயரத்துக்கு வரும். வணிகத் தோட்டங்களில் வைக்கும் குட்டை அடிக்கன்றுகள் காட்டு விளிம்புக்கு உதவா. அவற்றுக்குக் காலமெல்லாம் முட்டுக்கால் வேண்டும். மான் ஒருமுறை முன்னங்காலைத் தூக்கிக் கொப்பில் வைத்தால் மரமே சாய்ந்துவிடும்.

அடிக்கன்றை ஒரே இழுப்பில் சரிவாக வெட்டு, 4 சென்ரிமீற்றர் நீளம். தடியிலும் அதே சரிவு. இரண்டு முகத்திலும் வெட்டின் நுனியிலிருந்து மூன்றிலொரு பங்கில் கத்தியை இறக்கி ஒரு நாக்கு எடு. நாக்கை நாக்குக்குள் செருகினால் ‘கிளிக்’ என்று உட்காரும். பட்டைக்கும் தடிக்கும் நடுவே நூல் கனத்தில் ஒரு பச்சை வரி இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் மாறிழையம் என்று படித்தோம், அந்த வரியும் இந்த வரியும் சந்திக்கவேண்டும். தடிப்பு ஒத்துவராவிட்டால் நடுவில் வைக்காதே, ஒரு பக்க வரியையாவது சேர்த்து வை. இழுபடும் பொலித்தீன் நாடாவால் காற்றுப் புகாமல் சுற்று. தடியில் இரண்டு மூன்று மொட்டுப் போதும். நுனியில் மெழுகு. பிறகு ஈர மரத்தூளில் இரண்டு மூன்று கிழமை. காயத்தின் ஓரத்தில் வெள்ளையாக, பால் கட்டி வந்ததுபோல் ஓர் இழையம் ஊறிவரும். அது வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பாதிதான். ஏனென்றால் பொய்த்தளிர் என்று ஒன்று உண்டு. தடிக்குள் இருக்கும் மிச்சச் சத்தை வைத்தே மொட்டு விரிந்து பச்சை காட்டும். ஒட்டு பிடித்துவிட்டது என்று நாம் குதிப்போம். பத்து நாளில் தளிர் தலை தொங்கும். உள்ளே ஒன்றும் பிடித்திருக்காது. கிழவர் ஜூன் வரைக்கும் எத்தனை பிடித்தது என்று எண்ணவே மாட்டார். கேட்டால் கையால் வாயைப் பொத்திக் காட்டுவார்.

நான் தனியாகத் தொழில் தொடங்கிய முதல் வருடம், 200 ஒட்டில் 30கூடப் பிடிக்கவில்லை. வெட்டில் பிழையில்லை. அடிக்கன்றில் பிழையில்லை. தடிகளைக் கீழ்வீட்டு பிறிட்ஜில் வைத்திருந்தேன். அந்த நேரம் மலிவு விலையில் கிடைத்தது என்று மனைவி ஒரு பெட்டி அப்பிளை அதற்குள்ளேயே வைத்திருந்தார். பழுக்கும் பழம் எதிலீன் என்ற வாயுவை விடும். உறங்கும் மொட்டை அது கொன்றுவிடும். எனக்கு அது தெரியும், அவருக்குச் சொல்லவில்லை. இதை நான் விளங்கப்படுத்தியபோது அவர் சொன்னார்: “இஞ்சருங்கோ, சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள சாப்பாட்டை வைச்சது என்ர பிழையோ? உந்தத் தடியளுக்கு வேற பெட்டி வாங்குங்கோ.” வாங்கினேன். இன்றைக்கும் அதன் கதவில் ‘பழம் வைக்காதே’ என்று தமிழில் எழுதியிருக்கிறது.

என் வாடிக்கையாளர் பலவிதம். பறவை பார்ப்பவர்கள், கோடைவீட்டுக்காரர்கள், பழத்தோட்டக்காரர்கள். பழத்தோட்டத்தில் அப்பிளுக்கு மகரந்தம் கொடுக்கக் கிறாப் மரங்களை இடையிடையே வைப்பது வழக்கம். ஆனால் ஆகக் கூடுதலாக வாங்கியவர்கள் மான் வேட்டைக்காரர்கள்தாம். இது எனக்கு ஆரம்பத்தில் தொண்டையில் முள்ளாக நின்றது. மானுக்கென்று மரம் வளர்த்து, மரத்தடியில் மானைச் சுடுவதா? அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவர்களிடமிருந்து நான் படித்ததைச் சொல்லவேண்டும்.

வீட்டுத்தோட்டக்காரர் கேட்பது, எப்போது பூக்கும்? பழத்தோட்டக்காரர் கேட்பது, எப்போது பழுக்கும்? வேட்டைக்காரர் மட்டும் கேட்டார், எப்போது விழும்? அந்தக் கேள்வி என் தொழிலையே திருப்பிப்போட்டது. நிலத்தில் நடக்கும் பிராணிக்குப் பழுப்பதல்ல, விழுவதுதான் சாப்பாட்டு மணி. டொல்கோ ஆகஸ்ட் கடைசியிலும் செப்ரெம்பரிலும் கொட்டித் தீர்த்துவிடும். அந்தக் காலம் காடே விருந்து. யாருக்கும் அது அவசரமில்லை. ஒக்டோபர், நவம்பரில் நாளுக்குப் பத்து இருபதாக உதிர்க்கும் மரங்கள் உண்டு. மானும் வான்கோழியும் நரியும் அவற்றைத் தேடி வரும். இந்த மாகாணத்து வான்கோழி 1909 அளவில் முற்றாக அழிந்துபோனது. 1984இலிருந்து அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டு மீண்டும் பெருகிய இனம். மூன்றாவது வகை, விழாமலே காம்போடு தொங்கி நிற்பது. பனி மூடியபின் நிலத்தில் ஒன்றும் கிடைக்காது. அந்த நேரம் மேலே தொங்குவதுதான் பறவைக்குச் சோறு. ஒரு காணிக்கு இந்த மூன்று வரிசையும் வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கினேன். செப்ரெம்பர் தொடங்கி மார்ச் வரை இடைவெளி விடாமல் பந்தி நடக்கவேண்டும்.

மூன்றாவது வரிசையில்தான் நான் சறுக்கினேன்.

ஒரு மார்ச் மாதம், கடைத்தொகுதி ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மரத்தைக் கண்டேன். இலை ஒன்றில்லை. கொப்பு முழுக்கச் சிவப்பு. பனிக்காலம் முடியப்போகிறது, இந்த மரத்தில் இன்னும் ஓராயிரம் பழம்! இதுவல்லவா பனிக்கால மரம் என்று நினைத்தேன். அனுமதி கேட்டு, ஒரு கட்டுத் தடி வெட்டினேன். அந்த வருடம் 60 கன்று ஒட்டினேன். 54 பிடித்தது. அதில் 40ஐ ஒரே ஆள் வாங்கினார். ஐம்பது ஏக்கர் காணிக்காரர், மான் வேட்டைக்காரர், பனிக்காலத்தில் குருவிகளுக்கும் ஏதாவது இருக்கவேண்டும் என்று மனைவி ஆசைப்படுகிறார் என்றார். பனிக்காலம் முழுக்கப் பழம் நிற்கும் என்று நான் வாக்குக் கொடுத்தேன். வாக்குத் தவறவில்லை. பழம் நின்றது.

ஐந்தாம் வருடம் ஏப்ரலில் தொலைபேசி வந்தது. “உன்னுடைய மரங்கள் நன்றாக இருக்கின்றன. பழம் இன்னும் அப்படியே இருக்கிறது. நீ ஒருமுறை வந்து பாரேன்.” குரலில் கோபமில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

போனேன். புதுப்பூ வரப்போகிற கொப்புகளில் போன வருடப் பழம் காய்ந்த மிளகுபோல் சுருங்கித் தொங்கியது. கீழே பார்த்தேன். மரத்தடியில் எச்சமில்லை. தோலில்லை. ஒரு கால்தடம் இல்லை. நாற்பது மரத்துக்குக் கீழேயும் நடந்தேன். கூட்டிவிட்ட முற்றம்போல் சுத்தம்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மார்ச்சில் ஒரு மரம் நிறையப் பழத்தோடு நிற்கிறதென்றால், பனிக்காலம் முழுக்க அதை ஒருவரும் தின்னவில்லை என்றுதானே அர்த்தம்! கார் நிறுத்துமிடத்துக்கு மரம் தெரிந்தெடுப்பவருக்கு வேண்டியது அதைத்தான்: பழம் விழுந்து காரில் கறை படக்கூடாது, குருவி வந்து எச்சமிடக்கூடாது, கண்ணுக்குச் சிவப்பாக இருக்கவேண்டும். அவருக்கு அது நல்ல மரம். நான் யாரும் சீண்டாத ஒரு பந்தியைப் பார்த்துவிட்டு, சோறு மிஞ்சிக் கிடக்கிறதே, நல்ல சமையல்காரன்போல என்று அவனைக் கூட்டிவந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு என் கண் மரத்தைவிட்டு நிலத்துக்கு இறங்கியது. டிசெம்பரில் தெருத்தெருவாகப் போவேன். தோட்டமில்லாத வேலியோரம், கைவிட்ட பண்ணை, ரயில் தண்டவாளக் கரை. பழம் நிறைந்த மரம் கண்டால், காணிக்காரரைக் கேட்டு, ஒரு கொப்பில் நாடா கட்டிவிடுவேன். ஜனவரி நடுவில் திரும்பப் போவேன். உறைந்து இளகி, உறைந்து இளகி, பழத்தின் கலங்கள் உடைந்து தசை மெதுவாகும் காலம் அது. நவம்பரில் துப்பவைத்த கயர் அப்போது அடங்கியிருக்கும். ஒரு பழத்தை நானும் வாயில் போடுவேன். வேகவைத்த அப்பிளின் ருசி தட்டும். பிறகு கீழே குனிவேன். பனியில் செந்நீலக் கறை, உரித்த தோல், சிதறிய விதை, வான்கோழியின் மூன்று விரல் தடம், மானின் பிளந்த குளம்பு. மரம் மேலே சொல்வதையெல்லாம் விட்டுவிட்டு இதைத்தான் படிக்கவேண்டும்.

மூன்றாம் முறை பெப்ரவரி கடைசியில் போவேன். நாடா கட்டிய மரத்தில் பழம் இன்னும் தொங்கினால் நாடாவை அவிழ்த்துக்கொண்டு திரும்பிவிடுவேன். மரம் வெறுமையாக நின்றால், டிசெம்பரில் நிறைந்திருந்து, ஜனவரியில் பாதியாகி, இப்போது காம்பு மட்டும் மிஞ்சி நின்றால், ஏணியைச் சாய்த்துத் தடி வெட்டுவேன். புதிதாகப் பழகவரும் பிள்ளைகளுக்கு இது விளங்குவதில்லை. பழமே இல்லாத மரத்தில் ஏன் வெட்டுகிறீர்கள் அங்கிள் என்று கேட்பார்கள். டிசெம்பரில் என்னோடு வந்திருந்தால் கேட்கமாட்டாய் என்பேன்.

அந்த மரங்கள் காலியாகும் காட்சியை ஒருமுறை கண்ணாரக் கண்டேன். ஒரு ஜனவரிக் காலை. மண்ணிறமும் சாம்பலும் கலந்த, கொண்டை வைத்த, கண்ணுக்குக் கறுப்புப் பட்டி கட்டிய சிறு பறவைகள் 60, 70. இறக்கை நுனியில் முத்திரை மெழுகு சொட்டியதுபோல் சிவப்புப் புள்ளி. ஆங்கிலப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான், வக்ஸ்விங். எனக்கு அவை மெழுகுச்சிறகர். ஒரு கொப்பில் ஐந்தாறு வரிசையாக இருக்க, ஓரத்தில் இருந்தது ஒரு பழத்தைப் பிடுங்கிப் பக்கத்துக்குக் கொடுத்தது. அது வாங்கி அடுத்ததுக்குக் கொடுத்தது. கடைசியில் ஒன்று விழுங்கியது. பழம் முழுசாக உள்ளே போகிற அளவாக இருந்தால்தான் இவை விரும்பும். பந்தியில் கைமாறிப் போகும் அப்பளம்போல் இருந்தது. இருபது நிமிடத்தில் மேல்கொப்புகள் காலி. பிறகு றொபின்கள் வந்தன. அவை வந்து கீழே சிந்தியதைப் பார்த்தன.

கசகஸ்தானின் மலைக்காடுகளில்தான் இன்றைய அப்பிளின் மூதாதை நிற்கிறது. பறவை விழுங்கிய சிறு பழத்தை, கரடியும் குதிரையும் பெரிதும் இனிப்பும் பார்த்துத் தின்று, விதையை எச்சத்தில் போட்டுப் போட்டுப் பெரிதாக்கின என்று ஒக்ஸ்ஃபோர்ட் தாவரவியலாளர் பாரி ஜூனிப்பர் எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. தின்னும் வாய்தான் பழத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. நான் செய்வது அந்த வாயிடம் கேட்டு வெட்டுவது, அவ்வளவுதான்.

அந்த நாற்பது மரத்துக்கு என்ன செய்தேன்? வேரோடு பிடுங்கவில்லை. அடுத்த மே மாதம், பூக்கும் நேரம், பட்டை தடியிலிருந்து வழுக்கிக் கழலும் பருவம் பார்த்து, என் செலவில் போய் ஒவ்வொரு மரத்தையும் இடுப்பளவில் அறுத்தேன். அறுத்த கட்டையின் பட்டையைக் கீறி, உள்ளே இரண்டு மூன்று தடியைச் செருகி, சிறு ஆணி அடித்து, மெழுகு பூசினேன். பட்டை ஒட்டு என்போம். தடிகள், நாடா அவிழாத மரங்களிலிருந்து வந்தவை. ஒரு கொப்பை மட்டும் ஒவ்வொரு மரத்திலும் விட்டுவைத்தேன். புது ஒட்டுப் பிடிக்கும்வரை வேருக்குச் சோறு அனுப்ப ஓர் ஆள் வேண்டும். அடுத்த வருடம் அதையும் வெட்டினேன்.

இரண்டு நாள் வேலை. காணிக்காரர் ஏணி பிடித்தார். அப்போதுதான் தொண்டையில் நின்ற முள்ளை எடுத்துப் போட்டேன். மானுக்கு மரம் வைத்துவிட்டு மானையே சுட மனம் வருகிறதா என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, நீ மரக்கறிக்காரனா என்றார். இல்லை என்றேன். உன் இறைச்சி எங்கே வளர்ந்தது என்று உனக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். நவம்பரில் ஒரு பொதி வந்தது. மனைவி யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்டுப் பிரட்டல் வைத்தார். நான் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டேன். கேள்வி தீரவில்லை, ஆனால் கேட்கும் உரிமை குறைந்துவிட்டது.

மரம் நட்டவர்கள் செய்யும் பெரிய பிழை ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. உயிர்களுக்கென்று நட்ட மரத்தை முதலில் அந்த உயிர்களிடமிருந்தே காப்பாற்றவேண்டும். இளங்கன்றின் தளிரை மான் ஒரே இரவில் மொட்டையடிக்கும். ஐந்தடி உயரத்தில் கம்பிவலைக் கூடு வேண்டும். அடியில் அதைவிடப் பெரிய எதிரி, பனிக்குக் கீழே சுரங்கம் போட்டு வரும் வோல் என்ற குட்டைவால் எலி. பட்டையை வட்டமாகக் கடித்துவிடும். வட்டம் முழுதானால் மரம் செத்தது. 6 மில்லிமீற்றர் கண்ணுள்ள கம்பிவலையை மண்ணுக்குள்ளும் கொஞ்சம் புதைத்துச் சுற்றவேண்டும். கடிபட்ட மரத்தைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. காயத்துக்குக் கீழே ஒரு நுனி, மேலே ஒரு நுனியாக ஒட்டுத்தடிகளைப் பட்டைக்குள் செருகிப் பாலம் கட்டுவது. தடியைத் தலைகீழாக வைத்துவிடக்கூடாது. அப்படிப் பிழைத்த ஒரு மரம் என் முற்றத்தில் நிற்கிறது. அடியில் நான்கு பாலமும் தடித்து, நாற்காலிக் கால்களில் ஏறி நிற்பதுபோல் தெரியும்.

நோய்க்கு மருந்தடிக்க முடியாது. காட்டு விளிம்பில் யார் அடிப்பது? ஆகவே தடி வெட்டும்போதே தாயைச் சோதிக்கவேண்டும். கொப்பு நுனி தீயில் வாட்டியதுபோல் கறுத்துக் கொக்கியாக வளைந்திருந்தால் அது தீக்கருகல், பக்ரீரியா. அந்த மரத்தில் கத்தி வைக்காதே. வைத்துவிட்டால் மதுசாரத்தில் துடைக்காமல் அடுத்த மரத்துக்குப் போகாதே. ஆகஸ்ட்டிலேயே இலை கொட்டும் மரத்துக்குப் பொருக்கு நோய் இருக்கும். அதையும் விடு. உரத்தை அள்ளிப் போடாதே, கொழுத்த தளிரில்தான் கருகல் முதலில் ஏறும்.

ஒட்டு மாற்றி ஆறாவது வருடம் பெப்ரவரி கடைசியில் அந்தக் காணிக்குப் போனேன். காணிக்காரருக்கு இப்போது மூட்டுவலி, வாசலில் நின்று கையசைத்தார். முழங்காலளவு பனியில் நடந்தேன். நாற்பது மரத்திலும் காம்பு மட்டும். கீழே பனி முழுக்கக் கறை, தோல், தடம். ஒரு மரத்தின் உட்கொப்பில், குருவிக்கு எட்டாத இடுக்கில், ஒரேயொரு பழம் சுருங்கி இருந்தது. அதைப் பறித்து வாயில் போட்டு, விதையைத் துப்பிவிட்டு, ஏணியைச் சாய்த்துத் தடி வெட்டத் தொடங்கினேன்.

அப்பு இருந்திருந்தால் மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டிருப்பார்: “எட, கயித்தை இழுக்காமல் எங்கையடா போனனி?”